துணி டயப்பர் வாங்கினால் 59,000 ரூபாய் மிச்சமாகுமா?

கேள்வி: என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். இருவரும் வேலைக்குச் செல்கிறோம். கோவையில் வாடகை வீடு; குழந்தை பிறந்ததும் என் மாமியார் வந்து உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கட்டித் தூக்கியெறியும் டயப்பருக்குப் பதிலாக, இப்போது வரும் பட்டன் வைத்த துணி டயப்பர்கள் 24 வாங்க நினைக்கிறோம். ஒன்று 450 ரூபாய் வீதம் 10,800 ரூபாய் ஆகிறது. வட்டியில்லாத் தவணையும் தருகிறார்கள். கடை டயப்பர் ஒன்று 12 ரூபாய், நாளொன்றுக்கு 8 என்று இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 70,080 ரூபாய் வருகிறது. மிச்சமாகும் 59,000 ரூபாயை வைத்து மாதம் 2,500 ரூபாய்க்கு எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தொடங்கலாமா?

பதில்: துணி டயப்பர் வாங்கலாம். ஆனால் 24 வேண்டாம், இப்போதே வேண்டாம், தவணையில் வேண்டவே வேண்டாம். எஸ்ஐபியை இந்தக் கணக்கோடு முடிச்சுப் போடவும் வேண்டாம்.

உங்கள் பெருக்கலில் தவறில்லை. பெருக்க எடுத்துக்கொண்ட எண்ணில்தான் தவறு இருக்கிறது. பிறந்த சில வாரங்களுக்கு ஒரு குழந்தை நாளில் எட்டு முறைக்கு மேலும் நனைக்கும். ஒன்றரை வயதில் அப்படி இல்லை. அதைவிட முக்கியமாக, நம் வீடுகளில் பகல் முழுவதும் கடை டயப்பர் கட்டுகிற வழக்கமே குறைவு. உங்கள் மாமியார் வரும்போதே பையில் பழைய வேட்டியை நான்காய் மடித்துக் கிழித்த துணிகளைக் கொண்டுவருவார் என்று நான் பந்தயம் கட்டுவேன். அந்தத் துணி இலவசம். ஆகவே துணி டயப்பரால் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடும்போது, அது எத்தனை கடை டயப்பர்களை உண்மையாகவே வாங்கவிடாமல் தடுக்கிறது என்று பார்க்க வேண்டுமே தவிர, குழந்தை எத்தனை முறை நனைக்கிறது என்று பார்க்கக் கூடாது.

அந்த எண்ணிக்கையை நாளொன்றுக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கமும் முதல் நாளிலிருந்து இல்லை. எல்லா வயதுக்கும் ஒரே அளவு என்று விற்கப்படும் துணி டயப்பர்களின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் 5 கிலோவிலிருந்துதான் எடை போட்டிருக்கும். 3 கிலோவை ஒட்டிப் பிறக்கும் குழந்தைக்கு அது தொடையில் இடைவெளி விட்டு நிற்கும், ஒழுகும். மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு வயது முடியும் வரை சுமார் 640 நாட்கள். நாளொன்றுக்கு 3 வீதம், 12 ரூபாய் விலையில் 23,040 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை நாப்கின்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. உங்கள் 12 ரூபாய் அதற்கு முந்தைய ரசீதில் பார்த்த விலையானால் இந்தத் தொகையும் சற்று இறங்கும்.

இனி செலவுப் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் 12 போதும்: இரண்டு நாளில் 6 அழுக்காகும், மீதி 6 கையில் இருக்கும். 12க்கு 5,400 ரூபாய். துவைப்புக்குச் சோப்புத்தூள், தண்ணீர், மின்சாரம் சேர்த்து ஒரு முறைக்கு 15 ரூபாய் என்றால் 320 முறைக்கு 4,800 ரூபாய். இவை இரண்டையும் கழித்தால் கையில் நிற்பது 12,840 ரூபாய், அதாவது மாதம் சுமார் 610 ரூபாய். போட்ட முதல் திரும்பிவர 189 நாட்கள் பிடிக்கும். இரண்டு மாதம் ஆர்வமாகக் கட்டிவிட்டுப் பரணில் போட்டால் அது நஷ்டக் கணக்கு.

இன்னொரு வரியும் இருக்கிறது. அதைக் கணவன்மார்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. இதை யார் துவைப்பது? மனைவியின் பேறுகால விடுப்பு 26 வாரமே ஆனாலும், அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே போய்விடக்கூடும். அவர் வேலைக்குத் திரும்பியபின் மாமியார் துவைப்பாரா, நீங்கள் துவைப்பீர்களா? வீட்டு வேலைக்கு வருபவர் இதற்கென மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் (கேட்பது நியாயம்தான்), 21 மாதத்தில் 10,500 ரூபாய் போய், உங்கள் மிச்சம் 2,340 ரூபாயாகச் சுருங்கும். வாங்குவதற்கு முன் இந்தப் பேச்சை வீட்டில் முடித்துவிடுங்கள்.

வாங்கும் வகையிலும் பணம் இருக்கிறது. எல்லாம் ஒன்றாகத் தைத்த வகை கட்டச் சுலபம், காயத் தாமதம். ஐப்பசி அடைமழையில் அது இரண்டு நாள் கொடியிலேயே கிடக்கும். நீங்கள் அவசரத்துக்குக் கடை டயப்பர் வாங்கப் போவீர்கள். நீர் புகாத மேலுறையும், ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் துணியான இன்சர்ட்டும் தனித்தனியாக வரும் வகையில், சிறுநீர் மட்டும் போயிருந்தால் உறையைத் துடைத்துவிட்டு இன்சர்ட்டை மட்டும் மாற்றலாம். ஆகவே அந்த 5,400 ரூபாயை உறைகள் ஐந்து, இன்சர்ட் பதினான்கு என்று பிரித்துச் செலவிடுங்கள். மைக்ரோஃபைபர் இன்சர்ட் வேகமாக உறிஞ்சும், அழுத்தினால் கக்கும். அதைத் தோலில் நேரடியாகப் படவிடக் கூடாது. பருத்தி நின்று உறிஞ்சும், ஆனால் புதிதாக இருக்கையில் நாலைந்து முறை துவைத்தால்தான் அதன் முழுத் திறன் வரும். முதல் நாளே ஒழுகுகிறது என்று திட்டித் தூக்கிப் போடுபவர்கள் பலர் இதை அறியாதவர்கள்.

என் வீட்டுக் கதை ஒன்று. துணி மெத்தென்று இருக்கட்டும் என்று துவைக்கும்போது மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினேன். மூன்று வாரத்தில் எல்லாமே ஒழுக ஆரம்பித்தன. ஒரு இன்சர்ட்டை மேசையில் விரித்து ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். தாமரை இலையில் போல முத்து முத்தாய் உருண்டது. அந்தத் திரவம் நூலின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சுவதையே நிறுத்திவிட்டிருந்தது. பழையபடி ஆக ஏழெட்டு முறை வெந்நீரில் அலச வேண்டியதாயிற்று, அதற்குள் இரண்டு பாக்கெட் கடை டயப்பர் தீர்ந்தது.

வெந்நீர் என்றதும் மின்கட்டணம் நினைவுக்கு வருகிறது. இயந்திரத்தில் சூடான சுழற்சி ஒன்று ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்தில் 30 யூனிட். உங்கள் வீடு 500 யூனிட்டை ஒட்டி ஓடினால் கவனம் தேவை, ஏனென்றால் தமிழ்நாட்டில் அந்தக் கோட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ் அடுக்கின் மலிவு விலையும் போய்விடுகிறது. சாதாரண நாட்களில் குளிர்ந்த நீரும் கோவை வெயிலும் போதும். வாரம் ஒருமுறை சூடு கொடுங்கள்.

இரவுக்குக் கடை டயப்பரே இருக்கட்டும். 12 ரூபாயில் மூன்று பேர் தூங்குவது நல்ல முதலீடு.

தவணையைப் பொறுத்தவரை, வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டிமீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். 5,400 ரூபாய்க்கு அது தேவையில்லை. எஸ்ஐபி தொடங்குவதானால் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். டயப்பரில் மிச்சமாகும் தொகைக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு போதும்; மாதம் 100 ரூபாயிலிருந்தே அதைத் திறக்கலாம். முதல் ஆறு மாதம் போட்ட முதலையே மீட்கிறீர்கள் என்பதால், அதைக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் வரும்போது 600 ரூபாயில் தொடங்குங்கள்.

முதலில் உறை இரண்டும் இன்சர்ட் ஐந்தும் மட்டும் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் வாங்கிப் பத்து நாள் கட்டிப் பாருங்கள். தொடையில் சிவந்த தடம் விழாமல், ஒழுகாமல் இருந்தால் மீதியை வாங்குங்கள். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்கள் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், கூச்சப்படாமல் இன்சர்ட் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் சிறுத்துப்போகும் சட்டைகள் பதினைந்து வந்து சேரும்.