எலியின் முதுகில் முளைத்த முடி

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. உச்சந்தலையில் முடி மெலிந்துகொண்டே வருகிறது. கீழமாசி வீதியில் வாங்கிய தைலத்தின் அட்டையில், ‘ஆய்வகத்தில் எலிகளுக்குத் தடவியதில் மூன்றே வாரத்தில் முடி வளர்ந்தது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம்பித் தடவலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, அட்டையில் உள்ளது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் மகனின் தலைக்கு அது போதிய சான்றாகாது. இத்தகைய சோதனைக்குப் பெரும்பாலும் சி57பிஎல்/6 என்னும் கறுப்புச் சுண்டெலியை எடுத்துக்கொள்வார்கள். ஏழு வார வயதில் அதன் முதுகிலுள்ள மயிர்க்கால்கள் ஏறக்குறைய ஒருசேர ஓய்வில் இருக்கும். அப்போது மழித்துவிட்டால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். மயிர்க்கால் வளரத் தொடங்கும்போதுதான் அதில் கருநிறமி உண்டாகும் என்பதால், முடி வெளியே தலைகாட்டுமுன்பே தோல் சாம்பல் நிறமாகிப் பின்னர் கறுக்கும். அந்த நிறமாற்றம் எந்த நாளில் வந்தது என்பதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்கள்.

எதையும் தடவாவிட்டாலும் அந்த எலிக்கு நாளடைவில் முடி முளைத்தே தீரும். மெழுகு வைத்துப் பிடுங்கினாலோ, பிடுங்கியதே மயிர்க்கால்களை எழுப்பிவிடும். ஆகவே மருந்து கலவாத வெறும் கரைசலை ஒரு பிரிவுக்கும், முடி வளர்ப்பதற்கென ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தான மினாக்ஸிடிலை இன்னொரு பிரிவுக்கும் தடவி ஒப்பிட்டிருந்தால்தான் ‘மூன்று வாரம்’ என்பதற்குப் பொருளுண்டு. அட்டைகளில் இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் விடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். வாங்குகிறவர்கள் மனம் நொந்து வருகிறவர்கள்.

ஆண்களின் பரம்பரை வழுக்கையில், டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனால் மயிர்க்கால்கள் சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. எலிக்கு அந்த வழுக்கை இயல்பாக வருவதில்லை. அதன் தோலும் மெல்லியது, மருந்து எளிதில் உள்ளே இறங்கிவிடும். மனிதத் தலையிலோ ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிச் சுழற்சியில் இருக்கிறது; வளரும் பருவமே 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும். மினாக்ஸிடிலின் முடி வளர்க்கும் குணம்கூட, இரத்த அழுத்தத்துக்காக அதை மாத்திரையாக உட்கொண்ட நோயாளிகளிடம்தான் தெரியவந்தது. மனிதர்களிடம் சோதித்த பிறகே, 1988இல் அமெரிக்காவில் 2 சதவீதக் கரைசலாக அது அனுமதி பெற்றது.

மனிதர்களிடம் ஒப்பீட்டுடன் சோதித்த விவரம் இல்லாத தைலத்தை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். மகனை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பின் தற்காலிகமாக உதிர்வதா, பரம்பரை வழுக்கையா என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். மினாக்ஸிடில் தடவச் சொன்னால், முதல் சில வாரங்களில் உதிர்வு கூடினாலும் பதறி நிறுத்திவிடாமல், குறைந்தது நான்கு மாதங்களாவது தொடரச் சொல்லுங்கள்.