தட்டுகள் எங்கே முடிகின்றன?

கேள்வி: புவித்தட்டுகள் பாறைக்குழம்பின் மீது மிதக்கின்றன என்கிறார்களே, தட்டு முடிந்து குழம்பு தொடங்குவது எந்த ஆழத்தில்?

பதில்: அடியில் இருப்பது குழம்பன்று. மென்பாறைக்கோளம் எனப்படும் அந்த அடுக்கும் பெரும்பாலும் திடப்பாறையே. ஆனால் சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வலுவிழந்து, மிக மெதுவாக நெகிழ்ந்து நகர்கிறது. ஆகவே எல்லையைப் பெரிதும் தீர்மானிப்பது பாறையின் வகையன்று, வெப்பநிலையே. தட்டு புதிதாகப் பிறக்கும் நடுக்கடல் முகடுகளில் இவ்வெல்லை சில கிலோமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. முகட்டை விட்டு விலகும் தட்டு குளிரக் குளிர அது கீழிறங்கி, பழைய கடல்தரையின் அடியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டரை எட்டுகிறது. கண்டங்களின் தொன்மையான மையப் பகுதிகளின் அடியிலோ அது 200 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இருக்கிறது. துளையிட்டு எவரும் இதைப் பார்த்ததில்லை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள், அதாவது செல்லும் திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைத்தபடி பரவும் அலைகள், அங்கே வேகம் குறைவதைக் கொண்டே அறிகிறோம். திரவத்தின் ஊடே குறுக்கலைகள் செல்லா. இங்கோ அவை கடந்து வந்துவிடுகின்றன.