துப்பாக்கி அலமாரியில் போலீஸ் எதைப் பார்ப்பார்கள்?

இங்கிலாந்தில் ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், உரிமப் பிரிவு அதிகாரி வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்ப்பார். பி.எஸ். 7558 என்ற பிரிட்டிஷ் தரமுள்ள இரும்பு அலமாரி என்றால் பெட்டியைப் பற்றிப் பெரிதாகக் கேள்வி வராது. பொருத்திய விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஜிப்சம் பலகைச் சுவரில் மாட்டினால் கடப்பாரையால் ஒரே நெம்பில் வந்துவிடும். கெட்டியான செங்கல் சுவரில், பின்பக்கத் துளைகள் எல்லாவற்றிலும் விரிபோல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போட்டு இறுக்குங்கள். துளை செங்கல்லின் நடுவில் விழட்டும். சாந்து இணைப்பில் போட்டால் பிடிக்காது. இலகுவகை கான்கிரீட் கல்லில் விரிபோல்ட் கல்லை நொறுக்கிவிடும், அங்கே பசை ஊற்றிப் பொருத்தும் ரெசின் ஆங்கர்தான் சரி. மூலையில் வைத்தால் நெம்ப இடமிருக்காது. வெளியிலிருந்து கண்ணில் படும் இடம் வேண்டாம்.

அடுத்து சாவி. சான்றிதழ் இல்லாத மனைவிக்கோ மகனுக்கோ அது இருக்கும் இடம் தெரிந்திருந்தாலே சிக்கல், உரிமம் பறிபோகலாம். உதிரிச் சாவியையும் மறக்காதீர்கள். எண் பூட்டுள்ள சிறு பெட்டியில் வைப்பது நல்லது. ரைஃபிள் தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும். வீடு மாறினால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் என்று சொல்லி முன்னறிவிப்பின்றி யாராவது வந்தால் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள்.