கோழை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேரைத் தனியாளாக எதிர்த்து நின்ற எலியா, யேசபேல் என்ற ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். இப்படிப்பட்ட கோழைக்கு ஓரேப் மலையில் கடவுள் ஏன் தரிசனம் கொடுத்தார்? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: தரிசனம் இருக்கட்டும். முதலில் அந்தக் 'கோழை'யைப் பேசித் தீர்ப்போம். எலியாவை யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

'ஒரு பெண்' என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். யேசபேல் சீதோன் ராஜாவின் மகள், இஸ்ரவேலின் ராணி. கர்த்தரின் தீர்க்கதரிசிகளை அவள் ஏற்கெனவே கொன்று தீர்த்துக்கொண்டிருந்தாள். வெறும் வாய்மிரட்டல் அல்ல அது. சரி, அந்த மிரட்டல் எப்படிப்பட்ட நேரத்தில் வந்தது? நாட்டில் மூன்றாவது வருஷமாக மழையில்லை. கர்மேலில் பகல் முழுக்க அரண்மனை வளர்த்த பாகால் மதத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். இடிந்துகிடந்த பலிபீடத்தை 12 கற்களால் எடுத்துக் கட்டியிருக்கிறார். அப்புறம் முழங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக் குனிந்தபடி, மேகம் தெரிகிறதா என்று பார்க்க வேலைக்காரனை ஏழு தரம் அனுப்பியிருக்கிறார். மழை இறங்கியதும், யேசபேலின் கணவனான ராஜா ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் ஊர் வரை, 20 கிலோமீட்டருக்கு மேல், ஓடியிருக்கிறார். இத்தனைக்கும் பிறகு வந்தது கொலைச் செய்தி. ராஜா தடுக்கவில்லை. 'கர்த்தரே தெய்வம்' என்று மலையில் முழங்கிய ஜனங்களில் ஒருவராவது அவருக்காக வந்து நின்றதாகக் கதையில் இல்லை.

அவர் ஓடியது உண்மைதான். சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே, யூதா நாட்டு பெயெர்செபா வரை போனார். அது ஆகாபின் ஆட்சி செல்லாத ஊர். உயிர்தான் பெரிதென்றால் அங்கேயே தங்கியிருக்கலாமே? வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் வழி வனாந்தரத்துக்குள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். உயிருக்குப் பயந்தவன் கேட்கிற வரமா இது? அந்த மனிதர் தேய்ந்துபோயிருந்தார். அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

கடவுள் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். திட்டவில்லை, வசனம் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, 'எழுந்து சாப்பிடு' என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு வந்தது, 'நீ போகவேண்டிய தூரம் அதிகம்' என்ற ஒரு வார்த்தையோடு.

இந்தச் சூரைச்செடியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. நெகேவ், சீனாய் பக்கத்து வறண்ட ஓடைகளில் வளர்கிற புதர் அது. இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, பச்சைக் குச்சிகள்தான். நிழலும் சொற்பம். ஆனால் அதன் தழல் வெகுநேரம் சூடு தாங்கும். 120ஆம் சங்கீதத்திலும் சூரைச்செடித் தழல் வருகிறது. எலியாவின் அடை அந்தத் தழலில்தான் வெந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மனம் உடைந்தவரிடம் 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கண்டனக் கடிதங்கள் வருகின்றன, வரட்டும். 'என்னைக் கொன்றுபோடும்' என்று மோசே கேட்டார். யோனாவும் சாவைக் கேட்டார். எரேமியா தான் பிறந்த நாளையே சபித்தார். இவர்களில் யாரையும் எபிரேய வேதம் கோழை என்று ஒதுக்கவில்லை. தனியாக இந்த ஜனத்தைச் சுமக்க முடியவில்லை என்ற மோசேக்கு 70 மூப்பர்கள் துணை கிடைத்தார்கள்.

இனி, அந்தச் சாப்பாட்டின் பலத்தில் எலியா நடந்து சேர்ந்த ஓரேப். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி. கர்த்தர் இவற்றில் இல்லை. பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம். பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே ஆமென் சொல்லி முடிந்துவிடுகின்றன. அடுத்த வசனத்தைப் படியுங்கள். எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலில் நிற்கிறார். தரிசனத்துக்கு முன்பு கடவுள் கேட்ட 'இங்கே உனக்கு என்ன காரியம்?' என்ற பழைய கேள்வி மறுபடியும் வருகிறது. அவரும் பழைய பதிலையே சொல்கிறார்: 'நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்.' அவ்வளவு பெரிய தரிசனத்துக்குப் பிறகும் அந்தப் புலம்பலில் ஒரு சொல் மாறவில்லை. ஆகாபின் அரண்மனை அதிகாரி ஒபதியா 100 தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்துவைத்துச் சோறு போட்டது அவருக்குத் தெரியும், ஒபதியாவே சொல்லியிருந்தார். களைத்த மனசுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வருவதில்லை.

யூத வீடுகளில் ஆண்குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது எலியாவுக்கென்று ஒரு நாற்காலி போடுகிறார்கள். இஸ்ரவேலர் உடன்படிக்கையைத் தள்ளிவிட்டார்கள் என்று ஓரேபில் முறையிட்டவரே, அந்த உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் நடக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து கண்ணால் பார்க்கவேண்டும் என்று கடவுள் விதித்ததாகப் பழைய யூத விளக்கம் ஒன்று சொல்கிறது. ஓரேபை இதைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இல்லை என்பேன்.

நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு, இந்தக் கதை வருகிற 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் பதில் இருக்கிறது. பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று கடவுள் சொல்கிறார். கூடவே மூன்று வேலைகள் தருகிறார்: ஆசகேலைச் சீரியாவுக்கும் யெகூவை இஸ்ரவேலுக்கும் ராஜாவாக அபிஷேகம் செய், எலிசாவை உன் இடத்துக்குத் தயார் செய். எலியா நேராகப் போனது எலிசாவிடம்தான். 12 ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தவன் மேல் அந்தச் சால்வையைப் போட்டார். மற்ற இரண்டு வேலைகளும் எலிசாவின் காலத்தில்தான் நடந்தன: ஆசகேலிடம் அவன் ராஜாவாவான் என்று அழுதுகொண்டே சொன்னதும் எலிசா, யெகூவை அபிஷேகம் செய்ய ஆள் அனுப்பியதும் எலிசா.