தீவுகளை விட்டுவிட்டு மானிக்குப் போகலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் கிரீஸ் போகிறோம். யாரைக் கேட்டாலும் சாண்டோரினி, மிக்கோனோஸ் தீவுகள் என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்குக் கூட்டம் ஒத்துவராது. கடலோரச் சிற்றூர்களில் ஆற அமர இருந்துவிட்டு வர ஆசை. தெற்கே பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில் மானி என்று ஒரு பகுதி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஆறு இரவு போதுமா, எந்த ஊரில் தங்குவது?

பதில்: தாராளமாக மானிக்கே போங்கள். கிரீஸில் எனக்கு மிகவும் பிடித்த கடற்கரை அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெலோபொன்னீஸின் தெற்கு ஓரம் மூன்று விரல் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும். அதில் நடுவிரல்தான் மானி. சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள டாயிகெட்டோஸ் மலைத்தொடர் அந்த விரலுக்கு எலும்பு மாதிரி கடல்வரை இறங்குகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் சுற்றிவிடலாம் போலிருக்கும், நம்பாதீர்கள். கலமாட்டா நகரத்திலிருந்து அரியோபோலி என்ற ஊர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவு வளைவாக ஏறி இறங்கிப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதனால் தினம் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாமல், கார்டமிலியில் மூன்று இரவு, அரியோபோலியில் மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த இரண்டு என்றால், மானி என்பது உண்மையில் இரண்டு ஊர்ப்பக்கம். வடக்கே கலமாட்டாவை ஒட்டியது வெளி மானி, பச்சையாக இருக்கும், ஆலிவ் தோப்பும் நெடுநெடுவென்ற சைப்ரஸ் மரங்களும். ஈட்டிலோ என்ற ஊரைத் தாண்டியதும் மரம் குறைந்து பாறை மிஞ்சும், அது உள் மானி. மனிதர்களின் பெயரிலேயே இந்த எல்லை தெரியும். வெளி மானியில் குடும்பப் பெயர்கள் ‘-எயாஸ்’ என்று முடியும், உள் மானியில் ‘-ஆக்கோஸ்’. கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள், எங்கே மாறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கார்டமிலி ஹோமரின் இலியட் காவியத்திலேயே வருகிற ஊர். கோபித்துக்கொண்டு போரிலிருந்து விலகிய மாவீரன் அக்கிலீஸைச் சமாதானப்படுத்த அரசன் அகமெம்னோன் தருவதாகச் சொன்ன ஏழு நகரங்களில் ஒன்று. இன்று ஒரே ஒரு கடைத்தெரு, கல் வீடுகள், கூழாங்கல் கடற்கரை, அவ்வளவுதான். ஊருக்குப் பின்னால் பழைய கார்டமிலி என்று கோட்டை போன்ற ஒரு தொகுதி இருக்கிறது, அங்கிருந்து ஆலிவ் தோப்புக்குள்ளே அயியா சோஃபியா கிராமத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. வெயிலுக்கு முன்னால் காலையில் ஏறுங்கள், பாதி வழியில் நின்று திரும்பிப் பாருங்கள். அப்புறம் மணலில் குளிக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஸ்டூபா. அங்கே கடலுக்கு அடியில் நன்னீர் ஊற்றுகள் உண்டு, வெதுவெதுப்பான நீரில் நீந்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காலில் ஜில்லென்று படும்.

அரியோபோலி வேறு மாதிரி. 1821-இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக மானிக்காரர்கள் கிளம்பியது இங்கேதான், மார்ச் 17 அன்று. நாடு முழுவதும் விடுதலைப் போரின் நாளாகக் கொண்டாடுவது மார்ச் 25. நாங்கள்தான் முதலில் என்பதில் இவர்களுக்கு இன்றும் அவ்வளவு பெருமை. சதுக்கத்தில் அவர்களை வழிநடத்திய பெட்ரோபே மாவ்ரோமிகாலிஸின் சிலை நிற்கிறது. கீழே சில நிமிடத் தூரத்தில் லிமேனி, பாறைப் படியிலிருந்து நேராகக் கடலில் இறங்கலாம்.

அங்கிருந்து ஒரு முழு நாளைத் தெற்கே போவதற்கு ஒதுக்குங்கள். வாதியா என்ற கிராமம் ஒரு குன்றின்மேல் கோபுர வீடுகளாகக் கொத்தாக நிற்கும், பெரும்பாலும் ஆளில்லாமல். கோபுரம் எதற்கு என்றால் பங்காளிச் சண்டைக்கு. பழிக்குப் பழி என்று குடும்பங்கள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டபோது, யார் வீடு உயரமோ அவர்கள் எதிராளியின் கூரையைக் குறிவைக்க முடிந்தது. இறந்தவர்களுக்குப் பெண்கள் பாடிய ஒப்பாரிக்கும் மானி பேர்போனது, மிரோலோயி என்பார்கள். சாலை முடிகிற இடத்திலிருந்து டேனாரோ முனைக் கலங்கரை விளக்கத்துக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் ரோமானியர் காலத்து மொசைக் தரை ஒன்று வேலிகூடச் சரியாக இல்லாமல் வெட்டவெளியில் கிடக்கிறது. பாதாள உலகத்தின் வாசல் இங்கே இருந்ததாகப் பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள், ஹெராக்ளிஸ் மூன்றுதலை நாயை இழுத்துவந்த வழி. கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடி இதுதான். நிழலே கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் ஓட்டாமல் மானியைப் பார்க்க முடியுமா?

பதில்: கார்டமிலி, ஸ்டூபா வரை முடியும், கலமாட்டாவிலிருந்து கேட்டெல் என்ற வெளியூர்ப் பேருந்து இருக்கிறது. அதற்குத் தெற்கே கஷ்டம். மாவட்ட எல்லை ஈட்டிலோ அருகில் வருவதால் ஒரு பக்கத்துப் பேருந்து மறுபக்கம் போகாது, மாற வேண்டும், நேரமும் பொருந்தி வர வேண்டும். இரண்டு நாளாவது கார் எடுங்கள், சின்ன காராக, ஏனென்றால் கிராமச் சந்துகள் அவ்வளவு குறுகல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய பெரும்பாலான உரிமங்களோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்பார்கள், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கியாக வேண்டும். பெட்ரோலும் ரொக்கமும் அரியோபோலியிலேயே நிரப்பிக்கொண்டு தெற்கே இறங்குங்கள்.

கேள்வி: அம்மா சுத்த சைவம். மீன்கூடத் தட்டில் படக் கூடாது. அந்தக் கிராமங்களில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நிஸ்திசிமோ. விரத உணவு என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ விரதத்தில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் கிடையாது என்பதால் எந்தச் சமையல்காரருக்கும் உடனே புரியும். ஒரே ஒரு சிக்கல், ஆக்டோபஸ், கணவாய், சிப்பி எல்லாம் விரதத்தில் அனுமதி, ஆகவே அவையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை கிகாந்தெஸ், மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய கீரை ஹோர்தா, இந்த மூன்றும் ரொட்டியும் இருந்தால் அம்மாவுக்கு வயிறு நிறையும். சிக்லினோ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது புகையூட்டிய பன்றி இறைச்சி, மானியில் ஆம்லெட்டிலும் சாலட்டிலும்கூடப் போடுவார்கள்.

கேள்வி: அரியோபோலியிலிருந்து கிளம்பும்போது ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. யீதியோவா, மோனெம்வாசியாவா?

பதில்: ஒரு பகல் மட்டும்தான் என்றால் யீதியோ. அரை மணி நேரத்தில் போய்விடலாம். துறைமுகத்தை ஒட்டிக் கிரானாயி என்ற குட்டித் தீவு, டிராய் இளவரசன் பாரிஸும் அவனோடு போன ஹெலனும் டிராய்க்குப் புறப்படும் முன் முதல் இரவைக் கழித்ததாகச் சொல்லப்படும் இடம், இப்போது கரையோடு இணைத்திருப்பதால் நடந்தே போகலாம். இரவும் தங்க முடியும் என்றால் மோனெம்வாசியா. கடலில் தனியாக நிற்கும் பாறையில் ஒளித்துவைத்த பைசாந்தியக் கோட்டை ஊர் அது, பெயருக்கே ஒரே வாசல் என்றுதான் அர்த்தம், உள்ளே வண்டி நுழையாது. கவிஞர் யானிஸ் ரிட்சோஸ் 1909-இல் பிறந்த ஊரும் அதுவே. பகலில் சந்து முழுக்க ஆட்கள் இருப்பார்கள், சாயங்காலம் பேருந்துகள் கிளம்பிய பிறகு நடந்து பாருங்கள்.