கியர் உடைந்த கதை இருக்கட்டும், ஒயில் கதையைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"பொல்கொடை வாவியில் ஒரு போட் வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஹயருக்கும் விடுவேன். ஜனவரியில் அதன் ஸ்டெர்ன் டிரைவை (எஞ்சினின் சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பின்பக்கக் கியர் பகுதி) சேர்விஸுக்குக் கொடுத்து 185,000 ரூபா கட்டினேன். அதற்குப் பிறகு 11 மணித்தியாலம்தான் ஓடியது. ஏப்ரலில் கீழ்ப்பக்க கியர் உடைந்து நடுத் தண்ணீரில் நின்றுவிட்டது. வேர்க்‌ஷொப்காரர் எதிலோ அடிபட்டிருக்கிறது என்கிறார். என் மகனுக்கு முன்னாலேயே 'ஓட்டத் தெரியாதவர்கள்' என்று பேசினார். கழற்றிப் பார்த்த கூலியைத் தராமல் டிரைவைத் தரமாட்டேன் என்றும் சொல்கிறார். ஒயில் பால் மாதிரி இருக்கிறது என்று சேர்விஸுக்கு முந்தியே போட் பார்க்கும் தம்பி சொன்னார். அப்போதே வற்புறுத்தியிருக்கக் கூடாதா? அவரை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். புது டிரைவுக்கு 32 இலட்சம், இழந்த ஹயர் வருமானம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா? பொலிஸில் முறையிடலாமா?"

பொலிஸுக்குப் போய்ப் பயனில்லை, இது சிவில் விவகாரம். மகன் முன்னால் பேசியது கோபம் வரக்கூடிய விஷயம்தான், ஆனால் கியருக்கு நட்டஈடு கேட்கும் வழக்கில் அதற்கு வேலை இல்லை. மன உளைச்சலையும் அத்தோடு விட்டுவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதானால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காலம் உங்களுக்குக் கடந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றுதான் இருக்கிறது. ஒயில் பால் மாதிரி இருந்தது என்ற வரி. அதை வேர்க்‌ஷொப்காரரிடம் சொன்னீர்களா?

சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்தது வெறும் சேர்விஸ் அல்ல, கோளாறு பார்க்கும் வேலை. கியர் ஒயில் பால் நிறமானால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். புரொப்பெல்லர் தண்டில் தங்கூசி (மீன்பிடி நரம்பு) சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்தாலே போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அந்த நிலையில் ஒயிலை மட்டும் மாற்றி அனுப்புவது வேலை அல்ல. காற்றழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்த்து, அந்த சீல் வளையத்தை மாற்றியிருக்க வேண்டும். சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு வாதம் மிஞ்சுகிறது: பழைய ஒயிலை வடித்தவர் அதன் நிறத்தைக் கண்டிருப்பார், தொழில் தெரிந்தவர் உங்களை எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒயில் இப்போது எங்கே? உங்கள் பில்லில் 'டிரைவ் சேர்விஸ்' என்பதற்கு மேல் எதுவும் இல்லாவிட்டால், வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபோனை மாற்றவும் வேண்டாம்.

இனி, என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்ப விழுந்த குழி. 11 மணித்தியாலத்தில் உடைந்தது என்பதை நீங்கள் துருப்புச்சீட்டாக நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே எடுத்து உங்களைத்தான் அடிப்பார். பெயாரிங்கில் ஆழமாகத் துரு அரித்த குழிகள் இருந்தால், அது பதினொரு மணித்தியாலத்தில் வந்ததல்ல என்று அவருடைய நிபுணர் சொல்வார். பிறகு கேள்விகள் தொடங்கும். பெரும்பாலான கையேடுகள் 100 மணித்தியாலத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை கியர் ஒயிலை மாற்றச் சொல்கின்றன, நீங்கள் இதற்கு முந்தி எப்போது மாற்றினீர்கள்? பில் எங்கே? டிரைவை இறக்கி பெலோஸை (தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் உறை) பார்த்தது எந்த வருடம்? பால் நிறம் என்று தெரிந்த பிறகும் ஹயருக்கு விட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு உங்கள் பதில் "ஆம்" என்றால் வழக்கில் பாதி அங்கேயே போய்விட்டது.

வென்றாலும் 32 இலட்சம் வராது. அவர் ஜனவரியில் உங்களை எச்சரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயாரிங்கையும் சீல் வளையத்தையும் உங்கள் காசில்தானே மாற்றியிருப்பீர்கள்? அந்தச் செலவு எப்படியும் உங்களுடையது. அவருடைய கவனக்குறைவால் மேலதிகமாக வந்த சேதத்தைத்தான் கேட்கலாம். பழைய டிரைவுக்குப் புது டிரைவை எந்த நீதிபதியும் தூக்கித் தரமாட்டார். ஹயர் வருமானத்துக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா? இருந்தாலும் யோசியுங்கள். காப்புறுதி சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்ததாக இருந்தால், ஹயருக்கு விட்டதை நீங்களே சத்தியம் செய்து பதிவாக்குகிறீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அந்த உடைந்த கியர். ஓரிரு பல் மட்டும் சுத்தமாக முறிந்து மற்றவை நன்றாக இருந்தால் அடிபட்ட கதை எடுபடும். நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஒயில் இல்லாமல் சூடேறியது. துருப்பிடித்திருந்தால் தண்ணீர். இதை ஒரு சுயாதீன கடல்சார் சர்வேயர், இரு தரப்பும் நிற்க, படமெடுத்துப் பதிய வேண்டும். கோபத்தில் புது டிரைவ் வாங்கி, பழையதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, காட்டக்கூடிய சான்றைக் காட்டாதவருக்கு அது பாதகமானது என்று ஊகிக்க இடம் தருகிறது. இது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

கழற்றிய கூலியைக் கேட்டு டிரைவைப் பிடித்து வைக்க நமது ரோமன் டச்சுச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது. ஆள் சேர்த்துக்கொண்டு போய்த் தூக்கி வர வேண்டாம். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டி, எல்லாப் பாகங்களையும் பட்டியல் போட்டு, இருவரும் கையொப்பமிட்டு எடுத்து வாருங்கள்.

வழக்குப் போடுவதற்கான கால எல்லை: 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழிக்கு 3, கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு 2. ஒரு பில்லை வைத்துக்கொண்டு 6 வருடம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகச் சொன்னால், சமரசத்துக்குப் போங்கள். கூலி, சீல், ஒயில் அவருடைய செலவு. கியரும் பெயாரிங்கும் ஆளுக்குப் பாதி. பூட்டிய பின் அழுத்தச் சோதனை முடிவை எழுத்தில் வாங்குங்கள். சர்வேயரின் அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்தால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். பேச்சுவார்த்தைக் கடிதங்களில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்பிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் பாதிக்கு இணங்கியது நாளை உங்களுக்கு எதிரான ஒப்புதலாக வந்து நிற்கும்.

அப்புறம், அந்தப் போட் பார்க்கும் தம்பியை நிறுத்த வேண்டாம். டிரைவை ஒப்படைத்தபோது அவர் கூடப் போயிருந்தால், ஒயில் நிறத்தைப் பற்றி அங்கே என்ன பேசப்பட்டது என்று சொல்ல உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அவர்தான்.