பார் என்னும் மரத்தடுப்பு

ஐயா, வணக்கம். நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போன மாதம் மூட் கோர்ட்டில், அதாவது கற்பனை வழக்கை வைத்து மாணவர்கள் வாதிட்டுப் பழகும் போட்டியில், எதிர்த்தரப்பு மாணவர் 'பார் ஆஃப் லிமிடேஷன்' (வழக்குப் போடும் கெடு தாண்டியதால் வரும் தடை) என்று வாதிட்டார். பார் என்றால் வக்கீல்கள் என்றுதான் அப்போது எனக்குத் தெரியும். அதை வைத்தே பதில் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அகராதியைப் பிரித்தால் அந்த ஒரு சொல்லுக்கே பத்தி பத்தியாகப் பொருள். வரிசையாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இப்படிப் படிப்பது சரியா? தாய்மொழி அல்லாத மொழியில் வாதாடும் தொழில் என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவருமா? அடுத்த மூட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன்.

தி.

அன்புள்ள தி.,

மனப்பாடம் வேண்டாம், அந்த நோட்டை மூடி வையுங்கள். பார் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கதவுக்குக் குறுக்கே போடும் கட்டைதான் அது. குறுக்கே கிடப்பதால் தடை என்ற பொருள் வந்தது. ஆற்று முகத்துவாரத்தில் கப்பலை மறிக்கும் மணல்மேட்டுக்கும் அதே பெயர். மதுவை ஊற்றிக் கொடுப்பவருக்கும் வாங்கிக் குடிப்பவருக்கும் நடுவே இருந்த பலகை பார், அப்புறம் அந்தக் கடையே பார். நீளமாக இருக்கும் சோப்பும் தங்கமும் உருவத்தால் அந்தப் பெயரைப் பெற்றவை. வானிலை அறிக்கையில் வரும் மில்லிபார் மட்டும் வேறு. அது எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது, இதோடு சேர்க்காதீர்கள். அகராதி வேலை இவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியைப் படித்துத்தான். மூட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டீர்களாம்! எந்தச் சொல்லுக்காக வெட்கப்பட்டு ஓடினீர்களோ, அந்தச் சொல்லுக்கு வக்கீல்கள் என்ற பொருள் பிறந்த இடமே மூட் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வழக்கறிஞர்களுக்குப் பார் என்ற பெயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் இருக்கும் தடுப்பால் வந்தது என்று பலரும் சொல்வார்கள், உங்கள் ஆசிரியரும் சொல்லியிருக்கலாம். ஆக்ஸ்போர்டு அகராதி தரும் வரலாறு அதற்கும் முந்தியது. லண்டனில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்று நான்கு சட்ட விடுதிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் சொந்தச் சட்டத்தைக் கற்க வேண்டுமென்றால் இந்த விடுதிகளுக்குத்தான் வரவேண்டும். அங்கே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடம் உண்டு. அந்தக் கூடத்தில் பெஞ்சர் எனப்படும் மூத்தவர்களின் இருக்கைகளை மற்றவர்களிடமிருந்து ஒரு தடுப்பு பிரித்தது. அதுதான் பார். சாப்பாடு முடிந்ததும் கற்பனை வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வாதிடுவார்கள், மூத்தவர்கள் நீதிபதிகளாக அமர்வார்கள். அதுதான் மூட். ஓரளவு தேறிய மாணவனை, அந்த வாதத்தில் முக்கியப் பங்கெடுக்கத் தடுப்பருகே வரும்படி கூப்பிடுவார்கள். 'கால்டு டு தி பார்' என்று இன்றுவரை சொல்கிறோமே, அந்த அழைப்பு இதுதான். நீதிமன்றத் தடுப்பு என்ற விளக்கம் 1600-க்குப் பிறகு பரவியது.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த மாணவர்கள் மூட்டில் வழக்குரைகளை ஒப்பித்தது ஆங்கிலத்தில் இல்லை, லா ஃபிரெஞ்சு என்ற மொழியில். நார்மன் ஆட்சியோடு வந்து, பிரான்சில் யாருமே பேசாத ஒன்றாகத் திரிந்து, சட்டத்துக்குள் மட்டும் உயிர்வாழ்ந்த மொழி அது. வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362-லேயே சட்டம் போட்டும் அது விலகவில்லை. 17ஆம் நூற்றாண்டிலும் தீர்ப்புக் குறிப்புகளை அதில் எழுதினார்கள். தி., அந்த ஆங்கிலேயப் பையன்களில் ஒருவனுக்கும் அது தாய்மொழி இல்லை! திக்கித் திணறி, மூத்தவர்கள் திருத்தத் திருத்தத்தான் கற்றார்கள். திணறுவதற்கென்றே ஏற்பட்ட இடம் அந்தக் கூடம். நீங்களோ ஒருமுறை சிரித்தார்கள் என்பதற்காக வெளியே போய்விட்டீர்கள்.

சிரித்தவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, விடுங்கள்.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்காளி ஒருவர் அவருடைய நிலத்தை உழுதுகொண்டிருந்தார். 'சொந்தக்காரன்தானே, கேட்டால் கொடுத்துவிடுவான்' என்று பெரியப்பா வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். வாய்தா வாய்தாவாக அலைந்தார். ஒருநாள் அவரோடு நானும் போயிருந்தேன். தடுப்புக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள். தாவா தள்ளுபடி. வக்கீல் கட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். 'பத்திரம் என் பேரில் இருக்கே, எப்படித் தோத்தேன்?' என்று பெரியப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோற்றது, தி., உங்களைத் தடுமாறவைத்த அதே 'பார் ஆஃப் லிமிடேஷ'னால். பிறர் சுவாதீனத்தில் போன நிலத்தை உரிமை காட்டி மீட்கப் பன்னிரண்டு வருடக் கெடு. அது தாண்டினால் கையில் பத்திரம் இருந்தும் வழக்கு நிற்காது. 'கெடு தாண்டிப்போச்சு பெரியவரே, முன்னாடியே வந்திருக்கணும்' என்று அந்த வக்கீல் ஒரு வரி தமிழில் சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு வரியைச் சொல்ல உங்களால் முடியும். தடுப்புக்கு வெளியே நிற்பவர்களின் வீட்டிலிருந்துதானே வருகிறீர்கள்? உங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவருமா என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும்.

நாளைக்கே போய் அடுத்த மூட்டுக்குப் பெயர் கொடுங்கள். போகும்போது 1963ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தின் 3ஆம் பிரிவை வாய்விட்டுப் படித்துக்கொண்டு போங்கள். கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பு அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது அது. அதற்கு விலக்குகள் 4 முதல் 24 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. உங்கள் கட்சிக்காரர் அதில் எதற்குள் வருவார் என்று தேடுங்கள், அந்த மாணவருக்குச் சொல்லவேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது.